உங்க வலதா, என் வலதா?

56 வருஷமாக இந்த உடம்பை நான்தான் கட்டி மேய்க்கிறேன். குளிப்பாட்டுவது நான், சோறு ஊட்டுவது நான், பேருந்தில் முண்டியடித்து இடம்பிடித்து உட்காரவைப்பதும் நான். ஆனாலும் இதற்குள் எது எங்கே இருக்கிறது, எதற்கு என்ன பெயர் என்று ஒன்றுமே தெரியாமல்தான் இத்தனை காலம் குடியிருந்திருக்கிறேன். என் மகள் பிசியோதெரபி முதல் வருஷம் சேர்ந்த பிறகுதான் அது எனக்கே தெரியவந்தது. சொந்த வீட்டில் மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறதென்று தெரியாதவன் மாதிரி. (அதுவும் எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.)

முதல் வருஷத்தில் அனாட்டமி, அதாவது உடற்கூறு. கல்லூரி திறந்த வாரமே சௌராசியா எழுதிய புத்தகங்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. சேர்த்துத் தூக்கினால் எங்கள் அம்மிக்கல் கனம். அவற்றை மாடிக்குச் சுமந்துகொண்டு போனபோது என் குறுக்கில் ஏதோ களுக்கென்றது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

"படிச்சதைச் சரிபார்க்க ஒரு உடம்பு வேணும்" என்றாள் மகள். முதலில் அம்மாவைத்தான் கேட்டாள். அம்மாவின் உடம்பு அடுப்படியில் வேலையாக இருந்தது. வீட்டில் சும்மா கிடந்த உடம்பு ஒன்றே ஒன்றுதான்.

உள்ளே வெளிச்சம் போதவில்லை என்று என்னை வாசலுக்குக் கூட்டிப்போனாள். "நேரா நில்லுங்கப்பா. முகம் முன்னால பார்க்கணும். பாதம் ரெண்டும் சேர்ந்தாப்புல. கையைத் தொங்கவிடுங்க. இப்ப உள்ளங்கை ரெண்டையும் முன்பக்கமாத் திருப்புங்க." இதற்குப் பெயர் அனாட்டமிக்கல் பொசிஷன். ஆள் குப்புறப் படுத்திருக்கலாம், கட்டிலுக்கடியில் குனிந்து செருப்புத் தேடிக்கொண்டிருக்கலாம்; அதெல்லாம் மருத்துவத்துக்குக் கவலையில்லை. உடம்பில் முன் எது, பின் எது, மேல் எது, கீழ் எது என்று பேசும்போதெல்லாம் ஆள் இப்படி நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். உள்ளங்கையை எதற்குத் திருப்ப வேண்டும் என்று கேட்டேன். அப்படித் திருப்பினால்தான் முன்கையின் இரண்டு எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமாம். சரியென்று நின்றேன்.

வேட்டி, பனியன். திருப்பதிப் பெருமாள் வலது கையால் மட்டும் காட்டுவதை நான் இரண்டு கையாலும் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றேன். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டு வாத்தியார் நின்றார். "என்ன சார், ரெண்டு கையாலயும் வரம் குடுக்குறீங்க? அப்படியே நம்ம பையனுக்கு ஒரு கவர்மெண்டு வேலை பார்த்துக் குடுங்க" என்றார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திரும்பி வரும்போது அர்ச்சனைத் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சறுக்கல் வலது இடது. மகள் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் கல்லீரல் இடதுபக்கம் இருந்தது. கல்லீரல் வலப்பக்கம் என்பது எனக்கே தெரியும். "அச்சுப்பிழை, கடைக்காரனிடம் கொடுத்து மாற்றிக்கொண்டு வா" என்று அதிகாரமாகச் சொன்னேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். படத்தில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அவருடைய வலதுதான் வலது, பார்க்கிறவருடையது கணக்கில்லை. இது ஏன் என்று எனக்குப் பிடிபடவேயில்லை. "டாக்டர் பெரியவரா, படுத்திருக்கிறவன் பெரியவனா?" என்று விவாதித்தேன். அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "ஏங்க, இலை போடுறவ தன் இடதுகையைப் பார்த்தா போடுறா? சாப்பிட உட்காருறவங்களுக்கு இடதுபக்கம் நுனி வரணும்னு பார்த்துப் போடுறா. அது மாதிரிதான்." மகள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்ன எதையும் அவள் இதுவரை எழுதிக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு வார்த்தைகள் வரிசை கட்டி வந்தன. முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். மேலே இருப்பது சுப்பீரியர், கீழே இருப்பது இன்ஃபீரியர். நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது மீடியல், தள்ளியிருப்பது லேட்டரல். கையில் சுண்டுவிரல் மீடியல், கட்டைவிரல் லேட்டரல். காலுக்கு வந்தால் கட்டைவிரல் உள்ளே வந்துவிடும், சுண்டுவிரல் வெளியே போய்விடும். ஆட்சி மாறினால் அலுவலகத்தில் நாற்காலி மாறுவதுபோல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மனப்பாடம் செய்தேன். கை கால்களில் உடம்போடு சேரும் இடத்துக்குக் கிட்டே இருப்பது பிராக்ஸிமல், எட்ட இருப்பது டிஸ்டல். இது மட்டும் உடனே புரிந்தது. என் மூத்த மகன் புனேயில் வேலை பார்க்கிறான். தீபாவளிக்கு மட்டும் பிராக்ஸிமல்.

உடம்பைப் படிப்பதற்கு அதை மனசுக்குள் மூன்று விதமாக அறுத்துப் பார்க்கிறார்கள். நேராக நிற்கிறவனை வலது இடதாகப் பிளந்தால் சாஜிட்டல். லத்தீனில் சஜிட்டா என்றால் அம்பு. முன் பின்னாகப் பிளந்தால் கரோனல். கரோனா என்றால் கிரீடம். (2020இல் நாம் எல்லோரும் மாட்டிக்கொண்ட அதே கிரீடம்தான்.) மேல் கீழாகக் குறுக்கே அறுத்தால் டிரான்ஸ்வெர்ஸ். இதைச் செய்துகாட்டக் கத்தரிக்காய் ஒன்றை எடுத்து நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது மனைவி கத்தியைப் பிடுங்கினாள். சாம்பாருக்கு முருங்கைக்காயை வெட்டுவது டிரான்ஸ்வெர்ஸ். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு முதலில் சாஜிட்டல், அப்புறம் கரோனல், காம்பு மட்டும் பிரியாமல். கல்யாணமான நாளிலிருந்து அவள் செய்துவருவது இதைத்தான். நான் சாப்பிட்டு மட்டும் வந்திருக்கிறேன்.

எலும்புக்கு வருவோம். வளர்ந்த மனிதனுக்கு 206. பிறந்த குழந்தைக்கு இதைவிட அதிகம், 270க்குக் குறையாது. வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. "அப்ப எனக்கு 60க்கு மேல் எலும்பு காணாமல் போயிருக்கா?" என்று பதறினேன். "நீங்க எதைத்தான் பத்திரமா வெச்சிருந்தீங்க" என்றாள் மனைவி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மணிக்கட்டில் மட்டும் எட்டு எலும்பு. 40 வருஷமாக அதன்மேல்தான் கைக்கடிகாரம் கட்டுகிறேன், ஒரு நாள் கூட விசாரித்ததில்லை. எட்டுக்கும் பெயர் உண்டு, எட்டையும் மகள் ஏதோ பாட்டு கட்டிப் பாடம் பண்ணினாள். எனக்கு மூன்று பிடித்திருந்தன. ஸ்கஃபாய்டு என்றால் படகு. லூனேட் என்றால் பிறை. பிசிஃபார்ம் என்றால் பட்டாணி. படகு, பிறைநிலா, பட்டாணி! மணிக்கட்டுக்குள் மெரினா கடற்கரையே இருக்கிறது, கூடை தூக்கி வரும் சுண்டல் பையன் மட்டும்தான் குறை.

அன்றிலிருந்து எனக்கு இந்தப் பெயர்கள்மேல் பயம் போய்விட்டது. கேட்கும்போது ராஜாங்கமாக இருக்கிற வார்த்தைகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே யாரோ ஒருவர் வீட்டுச் சட்டிபானைதான் இருக்கிறது. பெல்விஸ் என்றால் அகலப் பாத்திரம். முழங்காலில் இருக்கும் பட்டெல்லா, சின்னத் தட்டு. நாம் சில்லு என்கிறோம். தொடை எலும்பு வந்து பொருந்துகிற இடுப்புக் குழிக்கு அசிட்டாபுலம் என்று பெயர். அது ரோமாபுரிக்காரர்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்த புளிக்காடிக் கிண்ணம். முழங்காலுக்குக் கீழே டிபியா, புல்லாங்குழல். அதை ஒட்டி ஃபிபுலா, ஊக்கு. முதுகெலும்பு முடிகிற இடத்தில் காக்ஸிக்ஸ்: கிரேக்கத்தில் குயில், அதன் அலகு மாதிரி வளைந்திருக்கிறதாம். நம் ஆட்கள் கவிதையெல்லாம் பார்க்காமல் வாலெலும்பு என்று முடித்துவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே இருக்கும் கிளாவிக்கிள், குட்டிச் சாவி. நாம் அதற்குக் காறையெலும்பு என்கிறோம். காறை என்பது கழுத்தில் போடுகிற நகை. அவனுக்குச் சாவி நினைப்பு, நமக்கு நகை நினைப்பு.

எனக்கு ரொம்பப் பிடித்தது மஸில். லத்தீனில் குட்டி எலி என்று அர்த்தம். கையை மடக்கினால் தோலுக்கடியில் எலி ஓடுவதுபோல் இருந்ததாம் அவர்களுக்கு. நம் பாட்டன் முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் பார்த்தான், கெண்டை மீன் துள்ளுவதுபோல் இருந்தது, கெண்டைக்கால் என்று வைத்தான். அவன் வீட்டில் எலித்தொல்லை, நம் ஊரில் கண்மாய் நிறையத் தண்ணீர். எது நல்ல ஊர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த வீறாப்பில் ஒருநாள் மகளுக்கு வகுப்பே எடுத்தேன். அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிறீன் என்ற மருத்துவர், மானிப்பாயில் இருந்துகொண்டு, தமிழ் படித்து, நம்மவர்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தார். பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். அனாட்டமிக்கு அந்தப் புத்தகங்களில் என்ன பெயர் தெரியுமா? அங்காதிபாதம்! சொல்லும்போதே வாய் மணக்கவில்லையா? எங்கிருந்தோ வந்த ஒரு மனிதர் நம் மொழியில் இத்தனை செய்திருக்க, நாம் ஏன் எலியையும் ஊக்கையும் உருப்போட வேண்டும் என்று உணர்ச்சிவசப்பட்டுக் கையை வீசியதில் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. "டெல்டாய்டுப்பா" என்றாள் மகள். மனைவி விளக்கெண்ணெய் எடுத்துவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை. என் புது ஞானத்தைக் காட்ட அதைவிட நல்ல இடம் ஏது? "பாய், இன்னைக்குக் கொஞ்சம் ஸ்ப்ளீன் போடுங்க" என்றேன். "சுவரொட்டியா சார்? நேரமே சொல்லியிருக்கணும், இருந்த ஒண்ணும் போயிடுச்சு" என்றார் பாய். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மண்ணீரலைத்தான் சுவரொட்டி என்று நான் பிறந்தது முதல் தின்றுகொண்டிருக்கிறேன் என்று எனக்கே அந்த வாரம்தான் தெரியும்; இவருக்கு இங்கிலீஷ் பெயரும் தெரிந்திருக்கிறது. விடக்கூடாது என்று, "கிட்னி?" என்றேன். "குண்டிக்காய் ரெண்டு இருக்கு." கடைசி அஸ்திரமாக, "பாய், ஆட்டுக் கழுத்தில் எத்தனை எலும்பு சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "ஏழு. வெட்டுறவன் எண்ணாம இருப்பானா?" மனிதனுக்கும் ஏழு, ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழு என்று சொல்லத்தான் நான் அந்தக் கேள்வியையே கேட்டேன். பின்னால் நின்ற ஆள், "சார், அவரை வெட்ட விடுங்க, வீட்ல உலை கொதிக்குது" என்றார். அரைக்கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எலும்பு கொஞ்சம் அதிகமாகவே விழுந்திருந்தது.

இப்போது குறுக்கு.

புத்தகம் தூக்கிய அன்று களுக்கென்றது என்று சொன்னேன் அல்லவா, அது போகவேயில்லை. நாளாக நாளாகத் தொடையில் இறங்கியது. ஒரு கல்யாணப் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் அடுத்த பந்தியும் சாப்பிட வேண்டியதாயிற்று. உடம்பிலேயே நீளமான தசை ஸார்ட்டோரியஸ், அதற்குத் தையற்காரன் தசை என்று பொருள், அந்தக் காலத் தையற்காரர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து தைத்ததால் வந்த பெயர் என்று மகள் வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தாள். தையற்காரனுக்கு யார் மொய் வைப்பது என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எலும்பு டாக்டரிடம் போவதென்று முடிவாயிற்று. டாக்டரிடம் நோயாளிகள் உளறுவதால்தான் பாதி வைத்தியம் தப்பாகிறது என்பது என் கட்சி. ஆகவே இரண்டு நாள் உட்கார்ந்து, மகளைக் கேட்டுக் கேட்டு, ஒரு வாக்கியம் தயார் செய்தேன். பழைய எக்ஸ்ரேக்களையெல்லாம் ஒரு கறுப்புத் தோல்பையில் போட்டு, சட்டையை இன் செய்து, பேனா குத்திக்கொண்டு உள்ளே போனேன். மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு வருவதற்குள் ஆரம்பித்துவிட்டேன்.

"குட்மார்னிங் டாக்டர். லம்பார் ரீஜியனில், எல் 4, எல் 5 லெவலில் தொடங்கி, தொடையின் போஸ்டீரியர் ஆஸ்பெக்ட் வழியாக டிஸ்டலாக ரேடியேட் ஆகிறது."

டாக்டர் என் பையைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். "ரெப்பெல்லாம் மத்தியானம் 2 மணிக்கு மேலதான்" என்றார். "சிஸ்டர், வெளிய போர்டு மாட்டலையா?"

சிஸ்டர் மரியாதையாகத்தான் வெளியே கொண்டுவந்து விட்டார். மனைவிதான் என்னைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். "டாக்டர், இவுகளுக்குக் குறுக்குல பிடிச்சு, பின்தொடை வழியா கெண்டைக்கால் வரைக்கும் சுரீர்னு இழுக்குதாம். தும்மினா, இருமினா ஜாஸ்தியாகுது. உட்கார்ந்து எந்திரிச்சா உசிர் போகுது. நடந்தா கொஞ்சம் தேவலை." டாக்டர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். தமிழ்தான் சீட்டில் இறங்கும்போது லத்தீனாக மாறியது. என்னுடையது மாதிரி வாயிலேயே மாறவில்லை.

"எந்தக் கால்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இங்கேதான் என் படிப்பு காலை வாரியது. மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். இலை, நுனி, படம், கல்லீரல் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து சுற்றின. "உங்க வலதா, என் வலதா டாக்டர்?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் என் காலைத் தூக்கினார். ஒரு முழம் உயர்ந்திருக்காது. ரோமாபுரியும் கிரேக்கமும் ஒரே நொடியில் மறந்துபோய், "அய்யோ அம்மா!" என்று சுத்தத் தமிழில் அலறினேன். "சயாட்டிகா" என்றார். சயாட்டிக் நரம்பில் வருகிற வலி. உடம்பிலேயே தடித்த நரம்பு அதுதானாம். குறுக்கிலிருந்து கிளம்பிப் பிட்டத்துக்குள் புகுந்து காலுக்கு இறங்குகிறது. அது புகுந்து வருகிற இடத்தில் பிரிஃபார்மிஸ் என்று ஒரு தசை, பேரிக்காய் வடிவம். (பட்டாணிக்கு அப்புறம் பேரிக்காய். நான் பேசாமல் இருந்தேன்.)

"புத்தகம் தூக்கினேன் டாக்டர், அதில் வந்தது" என்றேன், மகள்மேல் பழியைப் போட்டு. டாக்டர் கேட்கவில்லை. "ஆபீஸ்ல எத்தனை மணி நேரம் உட்கார்றீங்க?" எட்டு என்றேன். "பின்பாக்கெட்ல என்ன அது?"

பர்ஸ். எடுத்து மேஜையில் வைத்தேன். அது படுக்காமல் நின்றது. டாக்டர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அலுவலக அடையாள அட்டைகள் மூன்று, அதில் இரண்டு காலாவதி. கேஸ் பில்கள். மகனின் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் நகல். ஏதோ ஒரு பூட்டின் சாவி. 2003இல் தமிழ்நாட்டில் நிறுத்திய லாட்டரியில், பரிசு விழுகிறதா என்று நான் இன்னும் பார்க்காத ஒரு சீட்டு. பணம், 70 ரூபாய்.

"ஒரு பக்கத்துக்கு மட்டும் இவ்வளவு உயரம் வெச்சு எட்டு மணி நேரம் உட்கார்ந்தா அந்த நரம்பு பாவம் என்ன சார் செய்யும்?" என்றார். மனைவி டாக்டரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எங்கள் கல்யாண ஆல்பத்தில் கூட இல்லை. "நான் பல வருஷமாச் சொல்றேன் டாக்டர், அந்தக் குப்பையை எடுங்கன்னு."

மாத்திரை கொஞ்சம், பயிற்சி கொஞ்சம். பயிற்சியை மகள் செய்யவைக்கிறாள். வலி முக்கால்வாசி போய்விட்டது. சம்மணம் போட்டால் இப்போது ஒரே பந்தியில் எழுந்துவிடுகிறேன்.

பர்ஸ் மட்டும் அன்றிலிருந்து மனைவியின் கைப்பையில் இருக்கிறது. அது என் போஸ்டீரியரில் இருந்தவரை குறுக்குதான் வலித்தது. அவளுடைய லேட்டரலுக்கு இடம் மாறிய பிறகு, டீ குடிக்கப் பத்து ரூபாய் வேண்டுமென்றாலும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடிக்கழிவு வரப்போகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. பர்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லக்கூடிய டாக்டர் யாராவது உங்கள் பக்கம் இருந்தால் தயவுசெய்து சொல்லியனுப்புங்கள். தமிழில் சொல்லத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. கேட்கப்போவது என் மனைவி.